பழைய வ

பி.எஃப். எண்ணுக்காகத்தான்.
எந்த மெயிலிலும் இல்லாத அந்த எண்
ஒரு ஸ்கேனில் இருக்கிறது,
ஸ்கேன் ஒரு ஹார்ட் டிஸ்கில்,
டிஸ்க் ஒரு பெட்ஷீட்டுக்குள்,
மூன்று வாடகை வீடு மாறியும்
அவிழ்க்காத அட்டைப்பெட்டியில்.

எஸ்.பி. ரோட்டில் கேபிள் கேட்டேன்.
'ஹளேதா மேடம்?' என்றான் கடைப் பையன்.
பழசுதான் என்றேன்.
நூற்றைம்பது சொல்லி நூறுக்குத் தந்தான்.

கஸ்தூரி நகரில் மழை.
கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி
புது டிஸ்குக்கு அருகே பழையதைச் செருகினேன்.
முதலில் ஒரு இருமல்,
பிறகு சீரான முனகல்.

பெயர் கேட்டது. வெண்மணி.
பாஸ்வேர்ட் சரி.
திரை ஒரு நொடி கறுத்துவிட்டு
திரும்பவும் பெயர் கேட்டது.
மறுபடி அடித்தேன், மறுபடி கேட்டது.
கறுப்புத் திரைக்குப் போய்ப் பார்த்தால்
ஒற்றை வரி:
வெண்மணியின் வீட்டுக்குள் நுழைய
வெண்மணிக்கு அனுமதி இல்லை.

காரணம் எளிது.
இரண்டு டிஸ்கிலும் ஒரே லேபிள், ஹோம்.
ஹோம் என்று போட்டிருப்பதை வீடாக ஏற்று என்று
நான்தான் எழுதிவைத்திருந்தேன்.
எந்த வீடு என்று எழுதவில்லை.
அன்றைக்கு ஒன்றுதான் செருகியிருந்தது.
இன்று முதலில் கைக்கு வந்ததை
அது எடுத்துக்கொண்டது.
அதைக் குற்றம் சொல்ல முடியாது.

உள்ளே அது பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான்.
இந்த மெஷினில் நான் ஆயிரம்.
அங்கே நான் ஐந்நூற்று ஒன்று.
ஐந்நூறு கதிரேசன்.
இன்ஸ்டால் செய்தது அவன்,
முதல் எண் அவனுக்கு.

ரூட்டாக நுழைந்து
பழைய பகுதியை இறக்கினேன்.
புது லேபிள் ஒட்ட ஒரு வரி போதும்.
தமிழில்தான் வைப்போமே என்று
பழைய வீடு என அடித்தேன்.
நீளம் அதிகம், வெட்டுகிறேன் என்றது.

பதினாறு பைட்டுதான் மொத்த இடமே.
தமிழ் எழுத்து ஒன்று மூன்று தின்னும்,
ழை-யின் இணைக்கொம்புக்குத் தனியாக மூன்று,
இடைவெளிக்கு ஒன்று.
மிஞ்சியது
பழைய வ

சுழி வந்திருந்தால் வீடு.
கொம்பு வந்திருந்தால் நான்.

கீழ்வீட்டு இன்வெர்ட்டர் கீச்சிட்டு அடங்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழசு என்று போட்டுப் பார்த்தேன். பொருந்தியது.
பிடிக்கவில்லை.
பழசென்றால் எடைக்குப் போடவேண்டும்
இல்லை பொட்டு வைத்துக் கும்பிடவேண்டும்.

வேறு.
பன்னிரண்டு பைட்டு, நாலு மிச்சம்.
ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

ரீபூட்.
வந்தது என் வீடு,
நான் அலங்கோலமாக விட்டிருந்த ஐகான்களோடு.
வேறு-வை ஓரமாக ஏற்றினேன், படிக்க மட்டும்.
ஸ்கேன் கிடைத்தது. கே. வெண்மணி என்று.
ஆதாரில் நான் எஸ்.
இனி பெயர்த் திருத்தம், இரண்டு ஜெராக்ஸ்,
ரிச்மண்ட் ரோடு பக்கம் அரைநாள் க்யூ,
'இது நீங்கதானா?' என்று ஒரு கண்ணாடித் துளை.
அது திங்கட்கிழமைக்கு.

மூடுமுன் பட்டியலைப் பார்த்தேன்.
ஒவ்வொரு ஃபைலுக்கும் நேரே
உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில்
500 501 501 500 501.
இவர்கள் யாரென்று
இந்த மெஷினுக்குத் தெரியாது.
மளிகைக் கணக்கு 501.
பைக் கடன் தவணை 500.
நந்தி மலையில் விடிகாலை, பனி,
500 எடுத்த பதினொரு போட்டோ.
எல்லாவற்றிலும் 501
கண்ணை மூடியிருக்கிறாள்.

காப்பி செய்யவில்லை.
அழிக்கலாமென்று கை போனது.
முடியாது என்றது.
படிக்க மட்டும் என்று
ஏற்றியது நான்தானே.